‘கீப் இற் அப்’: எதை விழாமல் வைத்திருப்பது?

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்ட கேள்வி இது:

“சேர், மகள் ஏழாம் ஆண்டு. இங்கிலிஷ் கொப்பியில ரீச்சர் ‘கீப் இற் அப்’ எண்டு எழுதி விட்டிருந்தா. நல்ல சொல்லு எண்டு விளங்கினது. போன கிழமை லண்டனில தம்பிக்கு வேலை இல்லாமல் போட்டுது எண்டு செய்தி வந்தது. நாங்கள் வயல்காரர், தம்பிதான் மாதாமாதம் ஏதோ அனுப்பி உதவிறவன். அவனுக்கு ஆறுதலா இருக்கட்டும் எண்டு ‘கீப் இற் அப் தம்பி’ எண்டு வாட்ஸ்அப்பில போட்டன். பாத்திருக்கிறான், நீலக் கோடு விழுந்திருக்கு. பதில் இல்லை. பிழையா ஏதும் சொல்லிப்போட்டனோ?”

ஓம் பிள்ளை, சொல் இடம் மாறிப் போய்விட்டது. உங்கள் மனதில் இருந்தது ஆறுதல். அங்கே போய் இறங்கியது பாராட்டு. வேலை போய் நிற்கிறவனைப் பார்த்து “நல்லாச் செய்யிறாய், இப்பிடியே செய்துகொண்டிரு” என்று சொன்ன மாதிரி அது விழுந்திருக்கும். அக்காவின் மனது அவனுக்குத் தெரியும், கோபித்திருக்க மாட்டான். என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருப்பான். திருத்துவது சுகம். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த மூன்று சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வன்னிப் பாடசாலைகளில் 32 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். எத்தனை ஆயிரம் கொப்பிகளில் இதை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அதன் முழுப் பொருளையும் எனக்குப் படிப்பித்தது ஒரு மாணவன்.

‘கீப்’ என்றால் வைத்திரு. ‘இற்’ என்றால் அது. ‘அப்’ என்றால் மேலே. கூட்டிச் சொன்னால் “அதை மேலேயே வைத்திரு”. எதை, எங்கே மேலே என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது. பிரான்சிஸ் குரோஸ் என்ற ஆங்கிலேயர் தெருவிலும் தவறணையிலும் சனம் பேசின கொச்சைச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதி செய்தார். அதன் முதற் பதிப்பு வந்தது 1785இல். அந்த அகராதியில் இந்தச் சொற்றொடர் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு இருந்த பொருள் மரியாதையானது அல்ல. குடியும் கும்மாளமுமாக இரவை விடியும்வரை இழுப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். இது இறகுப்பந்து விளையாட்டிலிருந்து வந்த சொல் என்றும் அவர் கூடவே எழுதி வைத்தார்.

இன்று நாங்கள் பார்க்கிற பட்மின்ரனை நினைக்க வேண்டாம். அது 19ஆம் நூற்றாண்டில் உருவான ஆட்டம். அதற்கு முன் இருந்ததில் வலையும் இல்லை, கோடும் இல்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு சிறு மட்டையோடு எதிரெதிரே நின்று, இறகு செருகிய தக்கையை நிலத்தில் விழவிடாமல் தட்டித் தட்டி எத்தனை முறை என்று எண்ணுவார்கள். ஒருவர் வெல்ல மற்றவர் தோற்கிற விளையாட்டு அல்ல அது. விழுந்தால் இரண்டு பேருக்கும் விழுந்ததுதான். எங்கள் பெண்பிள்ளைகள் கொக்கான் வெட்டும்போது பார்த்திருப்பீர்கள். மேலே எறிந்த கல் நிலத்தில் படக்கூடாது என்று கண் அதோடேயே ஏறி இறங்கும், மூச்சுக்கூட நின்றுவிடும். ‘கீப் இற் அப்’ என்பதற்குள் இருப்பது அந்தக் கண்தான்.

ஆகவே இந்தச் சொல்லுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. ஏதோ ஒன்று ஏற்கெனவே மேலே போயிருக்க வேண்டும். பிள்ளை நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள், கையெழுத்து திருந்தியிருக்கிறது, இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பழகுகிற பொடியன் நாளுக்கு நாள் வேகம் கூடுகிறான். அங்கே சொல்லலாம். பந்து நிலத்தில் கிடக்கும்போது “விழாமல் வைத்திரு” என்று சொன்னால் கேட்பவன் நிலத்தைத்தான் பார்ப்பான். உங்கள் தம்பி அப்படித்தான் பார்த்திருப்பான். இப்படிச் சொல்வதற்கு மன்னியுங்கள் பிள்ளை. நானும் அதே பிழையைச் செய்தவன். என் பிழை உங்களுடையதிலும் பெரியது.

2009ஆம் ஆண்டின் நடுப்பகுதி. யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளத்து முகாம். தறப்பாள் கொட்டிலுக்குள் வகுப்பு. வாங்கு இல்லை, மேசை இல்லை. பிள்ளைகள் நிலத்தில் இருந்து மடியில் கொப்பியை வைத்து எழுதினார்கள். பத்து மணிக்குமேல் தறப்பாளுக்குக் கீழே இருக்க முடியாது, அவ்வளவு அனல். ஆனாலும் ஒரு பிள்ளையும் எழும்பிப் போகாது. வகுப்புக்கு வந்தால் அந்த இரண்டு மணித்தியாலமாவது எதையும் நினைக்காமல் இருக்கலாம் என்றுதான் வந்தார்கள். பத்தாம் ஆண்டுப் பொடியன் ஒருவன் ‘என் கிராமம்’ என்று 12 வரி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தான். இரண்டோ மூன்றோ பிழைதான். திருத்தி, சரி போட்டு, கைப்பழக்கத்தில் கீழே ‘கீப் இற் அப்’ என்று எழுதி நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். போகவில்லை, நின்றான்.

“எதைச் சேர்?” என்று கேட்டான்.

நக்கல் இல்லை. அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. தகப்பன் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வீடு இல்லை. அவன் எழுதிய ஊரில் அன்றைக்கு ஒரு மனிதரும் இல்லை. அவனிடம் போய், அதை விழாமல் வைத்திரு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ‘இற்’ இருக்கிறதே, அது எதைச் சுட்டுகிறது என்று வெளியே சொல்லாத சுட்டு. கேட்பவர்தான் தன்னிடமுள்ள ஒன்றை எடுத்து அதற்குள் வைத்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அவனிடம் நிரப்ப ஒன்றும் இருக்கவில்லை. கேள்வி நியாயமான கேள்வி.

கொப்பியைத் திரும்ப வாங்கினேன். அவனையும் பக்கத்தில் இருத்தி, முதல் வரியிலிருந்து வாசித்தேன். முதல்முறை நான் பிழையை மட்டும் தேடி வாசித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவனுடைய ஊர்க் குளக்கட்டில் ஒரு மருதமரம். அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தான். மத்தியானத்தில் அதன் நிழலில் மாடுகள் படுத்திருக்குமாம், பின்னேரத்தில் நிழல் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போகுமாம். அந்த வரியில் விரலை வைத்தேன். “இதை. இப்பிடிப் பாக்கிற கண்ணை. அதை விடாதை” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் அந்த மூன்று சொல்லையும் தனியாக எழுதியதில்லை. முன்னால் ஒரு வசனம் சேர்த்து எழுதுவேன். “யுவர் ஸ்பெலிங் இஸ் மச் பெற்றர் திஸ் மன்த். கீப் இற் அப்.” இந்த மாதம் எழுத்துக்கூட்டல் நல்லாய்த் திருந்தியிருக்கிறது, அதை விடாதே. அல்லது, “யூ ஆஸ்க்ட் எ குட் குவெஸ்ற்யன் ருடே. கீப் இற் அப்.” இன்று நல்ல கேள்வி கேட்டாய், தொடர்ந்து கேள். கூடுதலாக அரை நிமிடம் பிடிக்கும். நாற்பது கொப்பிக்கு இருபது நிமிடம். ஒரு தவணையில் சில மணித்தியாலங்கள். அது பெறுமதியான நேரம் என்று உறுதியாகச் சொல்வேன். ‘இற்’றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை அடுத்த கிழமையும் அதைச் செய்யும். தெரியாத பிள்ளை சந்தோசப்படும், அதோடு சரி.

மொழிப்பக்கம் இரண்டொரு விடயம். ஆங்கிலேயர் பேசும்போது மூன்று சொல்லும் ஒட்டிக்கொண்டு ‘கீப்பிற்றப்’ என்றுதான் காதில் விழும். அழுத்தம் கடைசி ‘அப்’பில். ‘கீப் அப் இற்’ என்று இடம் மாற்றக்கூடாது. ‘இற்’ நடுவில்தான் நிற்கும். ஆனால் பெயரைச் சொல்லிச் சொல்வதானால் பெரும்பாலும் பின்னால் வரும்: ‘கீப் அப் த குட் வேர்க்’, இந்த நல்ல வேலையைத் தொடருங்கள். இரண்டையும் சேர்த்து ‘கீப் இற் அப் யுவர் வேர்க்’ என்று எங்கள் பிள்ளைகள் எழுதுவார்கள், அது சரியில்லை. ‘கீப் அப் வித்’ என்பது வேறு கதை. ஒருவருக்கு ஈடு கொடுத்துப் பின்தங்காமல் போவது அது. யாராவது ‘கீப் இற் அப்’ என்று சொன்னால் பதிலுக்கு ‘தாங்க் யூ, ஐ வில்’ என்றால் போதும்.

காலமும் முக்கியம். வேலை தொடங்குமுன் ‘குட் லக்’. முடிந்தபின் ‘வெல் டன்’. நடந்துகொண்டிருக்கும்போதுதான் ‘கீப் இற் அப்’. ஓய்வு பெறுகிறவருக்குக் கொடுக்கும் பிரியாவிடை மட்டையில் இதை எழுதுவார்கள். எனக்கும் வந்தது. எழுதின பிள்ளையின் அன்பு விளங்கியது. ஆனால் ஆங்கிலம் தாய்மொழியான ஒருவருக்குப் போனால், எதைத் தொடரச் சொல்கிறார்கள் என்று யோசிப்பார்.

குரல் மாறினால் இதே சொல் வெருட்டலும் ஆகும். குழப்படி செய்கிற பிள்ளையைப் பார்த்துத் தாய் ‘கீப் இற் அப்’ என்று இழுத்துச் சொன்னால், அது எங்கள் ஊரில் “செய் செய், இப்பிடியே செய், பாப்பம்” என்பதுதான். அதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்த் தாய்மார் எல்லாரும் அதில் கைதேர்ந்தவர்கள்.

யார் யாருக்குச் சொல்லலாம் என்பதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பட்டம் பெற்ற பேராசிரியரின் படத்துக்குக் கீழே, பதவி உயர்ந்த அதிகாரியின் செய்திக்குக் கீழே, “கீப் இற் அப் சேர்” என்று எழுதுகிறார்கள். மரியாதையாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் இது மேலே இருந்து கீழே வருகிற சொல். ஆசிரியர் மாணவருக்கு, பயிற்றுநர் வீரருக்கு, தகப்பன் பிள்ளைக்கு. சமவயதுக்காரர் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். கீழே இருந்து மேலே போனால் முதுகில் தட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். பெரியவர்களுக்கு ‘கொங்கிராசுலேஷன்ஸ் சேர்’ என்றால் போதும். அதிலும் நல்லது, அவர் செய்த ஒன்றைச் சொல்லி, அது தனக்கு என்ன உதவி செய்தது என்று ஒரு வரி எழுதுவது.

உற்சாகச் சொல் மேலே இருந்து வந்தால் எப்படிப் பிழைக்கும் என்பதற்கு ஆங்கிலேயர்களிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. 1939இல் உலக யுத்தம் தொடங்குகிற நேரம், பிரித்தானியத் தகவல் அமைச்சு மூன்று சுவரொட்டிகளை ஆயத்தம் செய்தது. அதிலொன்று ‘கீப் காம் அன்ட் கறி ஓன்’, அமைதியாக இருந்து அலுவலைப் பாருங்கள் என்பது. ஏறக்குறைய 24.5 லட்சம் பிரதிகள் அச்சிட்டும் சனத்தின் கண்ணில் அது பெரிதாகப் படவேயில்லை. பெரும்பகுதியை 1940இல் கூழாக்கிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடக்கே அல்ன்விக் என்ற ஊரிலுள்ள பழைய புத்தகக் கடையொன்றில் பிரதி ஒன்று கிடைத்த பிறகுதான் அது உலகம் முழுக்கக் கோப்பையிலும் ரீசேட்டிலும் ஏறியது. யுத்தம் தொடங்கியபோது சுவர்களில் ஒட்டியவற்றில் இன்னொன்று உண்டு. “உங்கள் துணிவு, உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி எங்களுக்கு வெற்றியைத் தேடித் தரும்” என்றது அது. சனத்துக்குப் பிடிக்கவில்லை. துணிவும் உறுதியும் எங்களுடையது, வெற்றி மட்டும் உங்களுடையதோ என்று குறைப்பட்டார்கள். எழுதியவர்கள் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் பதுங்குகுழிக்குள் இருக்கப் போகிற மனிதனுக்கு ‘உங்கள்’ ஒரு பக்கமும் ‘எங்கள்’ ஒரு பக்கமும் நிற்பது உடனே தெரியும். வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுத்துத் தமிழில் ‘எங்களுக்கு’ வேறு, ‘நமக்கு’ வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் எழுதியிருந்தால் ‘நமக்கு’ என்ற ஒரு சொல்லே அந்தச் சுவரொட்டியைக் காப்பாற்றியிருக்கும்.

சரி, விழுந்து கிடக்கிறவருக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள்? நீங்கள் தேடினதற்குக் கிட்ட வருவது ‘ஹாங் இன் தெயார்’. அமெரிக்காவில் புழங்கிப் பரவின சொல். 1971இல் விக்ரர் போல்ட்வின் என்ற புகைப்படக்காரரின் படத்தோடு ஒரு சுவரொட்டி வந்தது. மூங்கில் கழியில் முன்னங்கால்களால் பற்றித் தொங்குகிற பூனைக்குட்டி, கீழே இந்தச் சொல். அதோடு வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லாயிற்று. “கஷ்டம்தான், எனக்குத் தெரிகிறது, பிடியை விட்டுவிடாதே” என்பது பொருள். வேலை தேடுகிறவருக்கும், நீண்ட வருத்தத்தில் கிடந்து தேறி வருகிறவருக்கும் சொல்லலாம். செத்த வீட்டில் சொல்லக்கூடாது. அந்தக் கஷ்டத்துக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். முடியாத துக்கத்தில் இருப்பவருக்கு அது பொருந்தாது. தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடவும் வேண்டாம். ‘தொங்கிக்கொண்டிரு’ என்றால் எங்கள் காதில் வேறொன்றுதான் விழும்.

‘சின் அப்’ என்று ஒன்றுண்டு, நாடியை நிமிர்த்து என்பது. சின்ன ஏமாற்றங்களுக்கு மட்டும். பெரிய இழப்பில் சொன்னால் “அழாதே, அடக்கு” என்று அதட்டின மாதிரி ஆகிவிடும்.

மேடை ஏறப்போகிற நடிகருக்கு ‘பிறேக் எ லெக்’ என்பார்கள். காலை முறித்துக்கொள் என்பதுதான் நேர்ப்பொருள். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கெட்டுப்போகும் என்ற பயத்தில் நாடகக்காரர் தலைகீழாகச் சொன்ன வாழ்த்து அது. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகள் இணையத்தில் பார்த்துவிட்டு இதைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நான் கேட்கிற இடத்தில் தடுத்துவிடுவேன். மிதிவெடியில் கால் போன மனிதர்கள் இல்லாத ஊர் வன்னியில் எது? யுத்தம் முடிந்து எத்தனையோ வருடம் கழித்தும் முகமாலைப் பக்கம் வெடி கிளப்புகிற வேலை நடந்தது. ஜெய்ப்பூர்க் காலோடு முன்வரிசையில் வந்து இருந்து பிள்ளையின் கூத்தைப் பார்க்கிற தகப்பன் இருக்கிறார். அந்த மண்டபத்தில் இந்தச் சொல் வேண்டாம். ஆங்கிலேயரின் நம்பிக்கை அவர்களுக்கு. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்தில் ஆடுகிற பிள்ளைக்கு அண்ணாவியார் தலையில் கை வைத்தால் அதுவே காணும்.

எங்கள் சனம் பிள்ளையை வாய்விட்டுப் பாராட்டாது. மனதில் பாராட்டு இல்லாமல் அல்ல. நாவூறு பட்டுவிடும், தலைக்கு ஏறிவிடும் என்ற இரண்டு பயம். 90 புள்ளி எடுத்துக்கொண்டு வந்தால் “மற்றப் பத்தும் எங்க?” என்பார்கள். பிறகு அடுக்களைக்குள் போய், பிள்ளைக்குப் பிடித்த கறியை வைப்பார்கள். இந்த ஆங்கிலச் சொல் எங்கள் கொப்பிகளில் இவ்வளவு வேரூன்றினதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். தமிழில் சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயப்படுகிற வாய், ஆங்கிலத்தில் பயமில்லாமல் சொல்லிவிடுகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மூன்று சொல்லுக்காகக் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடின பிள்ளைகளைப் பார்த்தவன் நான்.

ஆனால் உற்சாகப்படுத்த எங்களிடம் சொல் இல்லை என்று யாரும் நினைக்கக்கூடாது. முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கி இழுப்பார்கள். அந்தப் பாட்டைக் கரையில் சும்மா நிற்கிறவர் பாடமாட்டார். கயிற்றில் கை வைத்தவர்தான் பாடுவார். சூடு மிதிக்கிற காலத்தில் களத்தில் மாட்டை வளைத்துக்கொண்டு “பொலி, பொலி” என்று நடந்தவர்களும் அப்படித்தான். பொலி என்றால் பெருகு. அதுதான் உண்மையில் எங்கள் ‘கீப் இற் அப்’: நடக்கிற நல்ல காரியம் நடக்கட்டும், இன்னும் பெருகட்டும். இயந்திரம் வயலுக்குள் இறங்கின பிறகு அந்தக் குரல் குறைந்துவிட்டது. எனக்கு அது பெரிய கவலை.

கஷ்டத்தில் இருக்கிறவருக்கோ, நாங்கள் “யோசியாதை” என்போம். வெளியூர்க்காரர் கேட்டால் சிந்திக்காதே என்று தடுக்கிறோம் என நினைப்பார்கள். எங்களுக்கு அதன் பொருள் கவலைப்படாதே என்பது. அதோடு நிற்கவும் மாட்டோம். “பாப்பம்”, “செய்வம்”, “சமாளிப்பம்”. இந்தச் சொற்களின் வாலைக் கவனியுங்கள் பிள்ளை. பார்ப்போம், செய்வோம், சமாளிப்போம். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ‘நீ’ என்று நிற்கின்றன: நீ வைத்திரு, நீ பற்றிக்கொண்டிரு, நீ நிமிர். எங்கள் சொல்லில் சொல்கிறவரும் உள்ளே வந்துவிடுகிறார். 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த இரவு, கழுத்தளவு தண்ணீருக்குள் முதியவர்களைத் தூக்கிக்கொண்டு வந்த பொடியள் ஒருவருக்கொருவர் சொன்னது “விடாதை, வந்திட்டம்” என்பதுதான். வந்திட்டாய் என்று சொல்லவில்லை.

ஆகவே உங்கள் தம்பிக்கு ஆங்கிலம் வேண்டாம். அவன் வேலையிடத்தில் ஆங்கிலத்தில் கேட்ட செய்தி அது. அக்காவும் ஆங்கிலத்திலேயே வந்தால் அவன் எங்கே போவான்?

இன்னொன்று. சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். மாதாமாதம் அனுப்புகிறவன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை போன அன்று அவன் முதலில் கணக்குப் பார்த்தது தன் வீட்டு வாடகையை அல்ல, உங்களுக்கு அனுப்புகிற காசையாகத்தான் இருக்கும். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் அநேகம்பேர் அப்படித்தான். அந்த நேரத்தில் “இப்பிடியே தொடர்ந்து செய்” என்று அக்காவிடமிருந்து ஒரு செய்தி. ‘இற்’றுக்குள் அவன் எதை வைத்து வாசித்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் கனவிலும் நினைக்காததை அந்தச் சின்னச் சொல் அவனிடம் கேட்டிருக்கலாம். அதைத்தான் முதலில் இறக்கி வைக்க வேண்டும். எழுதுவதானால் இப்படி எழுதுங்கள், உங்கள் வாயில் வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

“தம்பி, வேலைக் கதை கேட்டதிலயிருந்து மனம் சரியில்லை. அண்டைக்கு நான் போட்ட இங்கிலிஷ் பிழையாம், விட்டிடு. காசு அனுப்பிறதைப் பற்றி யோசியாதை. அரிவு வெட்டி முடிஞ்சுது, நெல்லு கிடக்கு, நாங்கள் இஞ்ச சமாளிப்பம். உனக்கு ஏதும் தேவையெண்டால் அக்காட்டச் சொல்லு. சாப்பிட்டியோ?”

மகளின் கொப்பியை இன்றைக்கு ஒருக்கால் விரித்துப் பாருங்கள். ரீச்சரின் மூன்று சொல்லுக்கு மேலே பிள்ளை என்ன எழுதியிருக்கிறாள் என்று அவளையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை, தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதில் ஒரு வரி உங்களுக்குப் பிடிக்கும். அந்த வரியில் விரலை வைத்துச் சொல்லுங்கள், நாவூறு படாது.

தம்பிக்கு எழுதுவதைவிட எடுத்துப் பேசுவது நல்லது. அங்கே கோடை நேரம் தொடங்கிவிட்டது. எங்களுக்கு இரவு 9.30 என்றால் அவனுக்குப் பின்னேரம் 5 மணி. அவன் இப்போது வீட்டில்தான் இருப்பான்.